மூலை கிழித்த கவர்

எங்கள் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுதான். ஆனால் வாடிப்பட்டியில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுக்கிற முறையை மாற்றவைத்தது அவள்தான். 1984-ல் நடந்தது. நான் அப்போது பத்தாம் வகுப்பு. அவளுக்குத் துணையாகப் போனவன் நான்தான் என்பதால், கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் அந்தக் காலத்து டாக்டர் வீட்டைச் சொல்ல வேண்டும். மதுரை–திண்டுக்கல் சாலை அப்போது குறுகல். இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் ஒன்று மண்ணில் இறங்கி வழிவிடும். அந்தச் சாலையை ஒட்டி ஓட்டு வீடு. திண்ணையில் காத்திருக்க வேண்டும். உள்ளே போனால் ஒரு மேசை, ஒரு முக்காலி, சுவரில் நாள்காட்டி. பக்கத்து அறையில் மரத் தடுப்புக்குப் பின்னால் கம்பவுண்டர். ஸ்டவ்வின் மேல் எவர்சில்வர் டப்பாவில் கண்ணாடி ஊசிகள் கொதித்துக்கொண்டே இருக்கும். அந்த ஆவி வாசமும் ஸ்பிரிட் வாசமும் கலந்து வரும்போதே எங்களுக்குப் பாதிக் காய்ச்சல் விட்டுப்போகும்.

மருந்துக்குப் பாட்டில் நாம்தான் கொண்டுபோக வேண்டும். கழுவிக் கவிழ்த்த பழைய டானிக் பாட்டில். கம்பவுண்டர் அதில் ரோஸ் நிற மிக்சரை ஊற்றிவிட்டு, ஒரு நீளத் தாளை மடித்து ஓரத்தைக் கத்தரியால் பல் பல்லாக வெட்டி, பசை தடவிப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டுவார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுத்துத் தெரியாத கிழவி கூட, மருந்து எந்தப் பல்லுவரை இறங்கியிருக்கிறது என்று பார்த்து, எத்தனை வேளை குடித்தோம் என்று சொல்லிவிடுவாள். நான் பார்த்த மருத்துவச் சாமான்களில் அந்தத் தாளைப் போல எளியவனை மதித்தது வேறில்லை.

ஆனால் பேச்சு கிடையாது. எங்கள் ஊர் மேளம் நாடறிந்தது. வாடிப்பட்டி மேளம் என்றால் எந்த ஊர்த் திருவிழாவிலும் தனி மரியாதை. அந்த ஊர் ஜனம் டாக்டர் வாசப்படியில் கால் வைத்ததும் வாயைக் கட்டிக்கொள்ளும். "டாக்டர்கிட்ட எதுத்து எதுவும் கேக்கப்படாது. அவுகளுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்?" என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருவார். டாக்டர் கேட்டதற்குப் பதில். நீட்டச் சொன்னால் நாக்கு. திரும்பச் சொன்னால் இடுப்பு. எழுந்து வெளியே வந்த பிறகுதான் எல்லோருக்கும் கேள்வி முளைக்கும். "பழைய சோறு சாப்பிடலாமாண்டு கேக்க மறந்துட்டனே" என்று திண்ணையில் நின்று புலம்புவார்கள். அந்தப் புலம்பலைக் கேட்பதற்கு உள்ளே ஆள் இல்லை.

எண்பதுகளில் பாட்டில் மெல்லப் போய் மாத்திரை வந்தது. பழுப்புக் காகிதக் கவரில் மாத்திரையைப் போட்டு, மேலே 1-0-1 என்று எழுதித் தருவார்கள். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. படித்தவனுக்கு இதில் சிரமமில்லை. பாட்டிலில் ஒட்டிய பல் தாள் போனதோடு, எங்கள் அப்பத்தாவுக்குத் தெரிந்த ஒரே மருந்து எழுத்தும் போய்விட்டது.

அவளுக்கு ரத்தக்கொதிப்பு. காலைக்கு நீர் மாத்திரை, இரவுக்கு வேறொன்று. அது கொஞ்சம் தூக்கத்தையும் கொண்டுவரும். இரண்டும் வெள்ளை, இரண்டும் ஒரே அளவு, இரண்டும் பழுப்புக் கவர். அவள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். நீர் மாத்திரையை ராத்திரி போட்டுவிட்டு விடிய விடியக் கொல்லைக்கு நடந்தாள். தூக்க மாத்திரையைக் காலையில் போட்டுவிட்டு நடவு வயலில் கையில் நாற்றோடு அசந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். கூட நட்ட பெண்கள் தூக்கி வரப்பில் போட்டார்கள்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். "சொன்ன மாதிரி சாப்பிடணும் ஆத்தா, மாத்திப் போட்டா மருந்தே விஷம்" என்று அவர் கொஞ்சம் குரலை உயர்த்தினார். அப்பத்தா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். பிறகு மடியிலிருந்து இரண்டு கவரையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"டாக்டரய்யா, நீங்க எழுதுனது எனக்குக் கோடு. ரெண்டும் ஒரே கோடாத்தான் தெரியுது. ராத்திரிப் பொட்டணத்துல ஒரு மூலையக் கிள்ளி விட்டீகன்னா இருட்டுல தடவிப் பாத்தாக்கூட தெரிஞ்சுக்கிருவேன்."

நான் வெலவெலத்துப் போனேன். டாக்டருக்கே யோசனை சொல்கிறாளே, அடுத்த முறை நம்மை உள்ளே விடுவாரா என்று பயம். அவர் அந்தக் கவர்களைக் கையில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார். எழுந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் போனார். "இனிமே ராத்திரிக் கவர் எல்லாத்துலயும் வலது மூலையக் கிழிச்சுக் குடுங்க. காலைக் கவர் முழுசா இருக்கட்டும்" என்று கம்பவுண்டரிடம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு அப்பத்தாவைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: "வேற?"

*

அந்த "வேற?" என்ற சொல் அதற்குப் பிறகு அவர் வழக்கமாகிப் போனது. ஒவ்வொரு ஆளையும் பார்த்து முடித்ததும் பேனாவை மூடிவிட்டுக் கேட்பார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். முதலில் யாரும் எதுவும் சொல்லவில்லை. "ஒண்ணுமில்லைங்கய்யா" என்று எழுந்துவிடுவார்கள். ஒரு மாதம் போனது. அப்புறம் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது.

குட்லாடம்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் சொன்னார்கள், கடைசி பஸ்ஸை விட்டால் நடைதான் என்று. பொழுதடைந்ததும் தூரத்து ஊர்க்காரர்களை முதலில் கூப்பிடும் வழக்கம் வந்தது. உள்ளூர்க்காரர்கள் முணுமுணுத்தார்கள், ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். எங்கள் சின்னம்மா ஒருநாள், வெள்ளைப்படுதலைத் திண்ணையில் இருக்கிற ஆம்பளைகள் காதுபட எப்படிச் சொல்வது என்று கம்பவுண்டரின் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார். அது உள்ளே போய், மறுவாரமே வாசலுக்கு ஒரு பச்சைத் துணித் திரை வந்தது. நாலு முழத் துணி. அந்தத் துணிக்குப் பிறகுதான் எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேர் தங்கள் நிஜமான நோயைச் சொன்னார்கள்.

கேட்டதையெல்லாம் அவர் செய்யவுமில்லை. எல்லோரும் சேர்ந்து கேட்டது ஒன்று உண்டு: ஊசி. காய்ச்சலா, ஊசி. மேல்வலியா, ஊசி. ஊசி போடாத டாக்டர் கைராசி இல்லாதவர் என்பது ஊர்த் தீர்ப்பு. அவர் அதற்கு மட்டும் மசியவில்லை. ஆனால் விரட்டவில்லை. கொதிக்கிற டப்பாவைக் காட்டி, "சரியா வேகாத ஊசி ஒருத்தரோட காமாலைய இன்னொருத்தர் ரத்தத்துல கொண்டுபோய் விட்டுரும். மாத்திரையில போற காய்ச்சலுக்கு எதுக்கு அந்த வம்பு?" என்று ஆளுக்கு ஆள் சொல்வார். சிலர் நம்பினார்கள். சிலர் ஊசி போடுகிற வேறு இடம் தேடிப் போனார்கள். ஆளைக் கலந்து செய்வது என்றால் ஆள் கேட்டதைக் கொடுப்பது என்று அர்த்தமில்லை. முடியாது என்று சொல்லும்போதும் காரணத்தைச் சொல்லிச் சொல்வது. அதை நான் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

தமிழில் 'கேள்' என்கிற ஒரே சொல்தான் காதுக்கும் வாய்க்கும். செவி கொடுப்பதும் கேட்பதுதான், கேள்வி எழுப்புவதும் கேட்பதுதான். அந்த ஓட்டு வீட்டில் அந்தச் சொல் முழுசாகப் புழங்கியது.

அப்போது எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்: இதே காரியத்தை உலகத்தின் வேறு மூலைகளில் பெயர் வைத்துச் செய்துகொண்டிருந்தார்கள். 1972-ல் பிரிட்டனில், வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் உள்ள அபர்டேரிலும் ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்து பெரின்ஸ்ஃபீல்டிலும் குடும்ப டாக்டர்கள் தங்களிடம் வருகிற நோயாளிகளையே கூட்டி ஒரு குழு வைத்தார்கள். எந்த நேரத்தில் திறக்க வேண்டும், எங்கே சங்கடம் இருக்கிறது என்பதை அந்தக் குழு சொல்லும். 2015-லிருந்து இங்கிலாந்தில் குடும்ப டாக்டர் கிளினிக் ஒவ்வொன்றும் இப்படி ஒரு குழு வைத்திருக்க வேண்டும் என்பது அரசோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலேயே வந்துவிட்டது. 1978 செப்டம்பரில், அன்றைய சோவியத் நாட்டின் அல்மா ஆட்டாவில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கூட்டிய மாநாடு, தங்கள் மருத்துவத்தைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கெடுப்பது மக்களின் உரிமை, கடமையும்கூட என்று அறிவித்தது. கடமை என்ற சொல்லை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அப்பத்தா வாய் திறந்தது தனக்காக. பலன் அடைந்தது ராத்திரி மாத்திரை போடுகிற அத்தனை பேரும்.

*

அந்த டாக்டர் தொண்ணூறுகளில் காலமானார். ஓட்டு வீடு இடிபட்டுக் கடைகள் வந்தன. சாலை நாலுவழியானது. நாங்களும் மாறிப்போனோம். கொஞ்சம் காசு புழங்கியதும் பெரிய கட்டடம், பெரிய பெயர்ப்பலகை என்று தேடிப் போனோம்.

2004-ல் அப்பாவுக்கு நடந்ததை எழுத இருபது வருஷமாகக் கை வரவில்லை. நகரத்து மருத்துவமனை ஒன்றில் ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஏற்கெனவே உள்ளூரில் ஒருவர் எழுதிக் கொடுத்த மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு பெயர், வேறு வேறு நிறம். உள்ளே இருந்த மருந்து ஒன்றே. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அங்கே கேட்கவில்லை; அப்பாவும் சொல்லவில்லை. 'எதுத்து எதுவும் கேக்கப்படாது' என்கிற பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தானே. பதினோராம் நாள் வெள்ளனா எழுந்து நின்றவர் தலை சுற்றி முற்றத்தில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பின் நாலு வருஷம் கோலோடு நடந்து, அப்படியே போய்ச் சேர்ந்தார்.

அந்த மாத்திரைகளின் உள்ளே இருந்தது ஒரே மருந்துதான் என்பதைக் கண்டுபிடித்தது மருந்துக்கடையில் வேலை பார்த்த ஒரு சின்னப் பையன். அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கிற மூலப்பெயரைக் காட்டினான். சிகிச்சை விவரத் தாளைக் கேட்டுப் போனேன். "அதெல்லாம் தர்றதில்ல சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானும் வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற எனக்கு, நோயாளியோ அவர் தரப்பினரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணத்தைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-லேயே விதி செய்திருந்தது தெரியாது. தெரிந்திருந்தால் அப்பாவின் இடுப்பு கூடியிருக்காதுதான். ஆனால் எங்கே தவறியது என்று அந்த இடத்துக்கும் தெரிந்திருக்கும், அடுத்த வீட்டு அப்பனுக்காவது அது நடக்காமல் போயிருக்கும்.

வழக்குப் போடு என்று சொன்னவர்கள் உண்டு. 1995 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், கட்டணம் வாங்கிச் செய்கிற மருத்துவம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்பளித்திருந்தது. வி.பி. சாந்தா வழக்கு என்று அதைச் சொல்வார்கள். எல்லோருக்கும் இலவசமாகவே பார்க்கிற இடங்கள் அதில் வராது. தேவையான தீர்ப்பு, பல குடும்பங்களுக்கு அது ஒன்றுதான் வாசல். ஆனால் நீதிமன்றம் வருவது எலும்பு முறிந்த பிறகு. அப்பத்தா கேட்டது விழுவதற்கு முன்னால். எனக்கு வேண்டியிருந்தது அந்த முன்னால்தான். நான் வழக்குப் போடவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டாக்டரிடம் யார் போனாலும், வீட்டில் இருக்கிற அத்தனை மாத்திரையையும், நாட்டு மருந்துச் சூரணம் முதல் காலுக்குத் தடவும் தைலம் வரை, ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேசையில் கவிழ்ப்பது என்று ஆனது. 2016-ல், மருந்தின் மூலப்பெயரைப் படிக்கும்படி, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தியபோது அந்த மருந்துக்கடைப் பையனைத்தான் நினைத்துக்கொண்டேன்.

*

இது என் வீட்டுக் கதை. நாட்டுக் கதையும் இருக்கிறது.

தமிழ்நாட்டில், நோயாளிகளே முன்னால் வந்து நின்றதற்கு எனக்குத் தெரிந்து பெரிய உதாரணம் எச்ஐவி. 1986-ல் சென்னையில்தான் இந்தியாவில் முதன்முதலாக அந்தத் தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. தொட மறுத்த காலம் அது. 1998-ல் பி. கௌசல்யாவும் அவரைப் போலவே தொற்றோடு வாழ்ந்த பெண்கள் சிலரும் சேர்ந்து சென்னையில் தங்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். முகத்தை மறைக்காமல் பேசினார்கள். 2004 ஏப்ரலில் இந்திய அரசு கூட்டு மருந்து சிகிச்சையை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. மருந்து வருவதற்கு முன்பே வாய் திறந்தவர்கள் அவர்கள்.

2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் அரசு மருத்துவமனைகளுக்கும் நோயாளர் நலச் சங்கம், ஊருக்கு ஒரு கிராம சுகாதாரக் குழு. 2007-ல் ஒன்பது மாநிலங்களில், சேவை எப்படி இருக்கிறது என்று ஜனங்களே மதிப்புப் போடுகிற முயற்சி சோதனையாகத் தொடங்கியது. தமிழ்நாட்டில் தர்மபுரி, கன்னியாகுமரி, பெரம்பலூர், திருவள்ளூர், வேலூர் என ஐந்து மாவட்டங்கள். கிராமத்தார் கூடி உட்கார்ந்து, நர்ஸ் ஊருக்கு வருகிறாரா, மருந்து இருக்கிறதா, மரியாதையாக நடத்துகிறார்களா என்று ஒவ்வொன்றாகப் பேசி நிறம் போடுவார்கள். பச்சை என்றால் நல்லது, மஞ்சள் என்றால் பரவாயில்லை, சிவப்பு என்றால் சரியில்லை. அந்த அட்டையை வைத்துக்கொண்டு டாக்டரோடும் அதிகாரிகளோடும் உட்கார்ந்து பேசுவது. பாட்டிலில் ஒட்டிய பல் தாளின் பேரப்பிள்ளை என்றுதான் எனக்கு அந்த அட்டையைச் சொல்லத் தோன்றுகிறது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிகிற எழுத்து அது.

மதுரை அந்த ஐந்தில் இல்லை. இருந்திருந்தால் அப்பத்தா உயிரோடு இருந்து முதல் அட்டைக்கு நிறம் போட்டிருக்க வேண்டும் என்று ஆசைப்படுவேன். 2019-ல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு சுகாதார சீரமைப்புத் திட்டத்தில், மாவட்டந்தோறும் சுகாதாரப் பேரவை கூட்டி அங்கே வருகிற கோரிக்கையை மாநிலப் பேரவைக்கு அனுப்புகிற ஏற்பாடு வந்திருக்கிறது. தாய்லாந்தில் 2008-லிருந்து தேசிய சுகாதாரப் பேரவை நடக்கிறது. வழி நல்ல வழி. என் கவலையெல்லாம், அந்த நாற்காலிகளில் நடவு வயலிலிருந்து வருகிற ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாளா என்பதுதான். நாற்காலி போடுவது சுலபம். அவளுக்கு அன்றைய கூலி போகாமல், பஸ் செலவு இல்லாமல், பேசினால் அடுத்த முறை மருந்து கிடைக்காதோ என்கிற பயம் இல்லாமல் வரவழைப்பதுதான் வேலை.

*

இன்றைக்கு வாடிப்பட்டியில் எதற்கும் பஞ்சமில்லை. தாலுகா ஊர், அரசு மருத்துவமனை இருக்கிறது. தனியார் கிளினிக்குகள் வரிசையாக. 108-ஐக் கூப்பிட்டால் வண்டி. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. தன்னார்வலராக வருகிற பெண் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து என் கையில் பட்டையைச் சுற்றுகிறாள். அப்பத்தா காலத்தில் இதைக் கனவு என்று சொல்லியிருப்பார்கள். நான் இதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். இதனால் நெஞ்சுவலியும் பக்கவாதமும் வராமல் தப்பியவர்கள் எங்கள் தெருவிலேயே இருப்பார்கள்.

குறைந்துபோனது ஒன்றே ஒன்று. டாக்டரின் கண் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வெளியே அறுபது டோக்கன் காத்திருக்கிறது. அவரிடம் பொழுது இருந்த காலத்தில் எங்களிடம் வாய் இல்லை. எங்களுக்கு வாய் வந்த காலத்தில் அவரிடம் பொழுது இல்லை. நாங்களும் ஒழுங்கில்லை. செல்போனில் பார்த்த நோயின் பெயரைச் சொல்லத் தெரிகிறது. நேற்றுக் குடித்த கஷாயத்தைச் சொல்ல வருவதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குச் சர்க்கரை பார்க்கிற டாக்டரம்மாவிடம் அப்பத்தா கதையைச் சொன்னேன். என் பழைய மாணவிகள் வயதுதான் இருக்கும். மஞ்சப்பையைக் கவிழ்த்ததும் சிரித்தவர், மூலை கிழித்த கவர் கதையைக் கேட்டதும் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார். "சார், ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் நம்ம பேஷண்ட்ஸ் கொஞ்சம் பேரக் கூட்டி உட்காரலாமா?" என்றார்.

முதல் ஞாயிறு ஒன்பது பேர் வந்தோம். டீயும் வடையும். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள், கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி. அரைமணி நேரம் எல்லோரும் டாக்டரம்மாவைப் புகழ்ந்தார்கள். அவருக்கே சங்கடமாகிவிட்டது. பிறகு ஆண்டிபட்டி பங்களாவிலிருந்து வந்த ஒரு பெரியவர், டிராக்டர் ஓட்டியவர், தன் காலை நீட்டிக் காட்டினார். கட்டைவிரலில் ஆறி வருகிற புண்.

"தாயி, வாசல்ல 'செருப்பை வெளியே விடவும்'னு போட்டுருக்கீக. எனக்குச் சக்கரை வந்து பாதம் மரத்துப் போச்சு. போன தடவ உங்க வாசல்ல இருந்து உள்ள வர்றதுக்குள்ள ஒரு குண்டூசி ஏறிருச்சு. வீட்டுக்குப் போயி மக பாத்துத்தான் சொன்னா. எனக்குத் தெரியவே இல்ல."

அறையில் சத்தமே இல்லை. சர்க்கரைக்காரர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று அந்த டாக்டரம்மாதான் ஒவ்வொருவருக்கும் சொல்கிறார். சுவரில் படம்கூட ஒட்டியிருக்கிறது. அந்தப் படத்தைப் பார்க்க வருகிறவன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் வர வேண்டும். இத்தனை நாள் டாக்டரம்மாவும் பார்க்கவில்லை, நர்ஸும் பார்க்கவில்லை, மாதாமாதம் போகிற நானும் பார்க்கவில்லை. புண் வந்த கால்தான் பார்த்தது.

டாக்டரம்மா எழுந்து போய், பலகையைத் தன் கையாலேயே கழற்றிக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்தார். இப்போது அங்கே செருப்போடு வரலாம். தரையை ஒரு தரம் கூடுதலாகத் துடைக்கிறார்கள். மாதம் ஒரு தரம் ஒவ்வொருவர் காலையும் தூக்கிப் பார்ப்பது என்றும் வைத்துக்கொண்டார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்கு முதல் டோக்கன் என்பது இரண்டாவது ஞாயிற்றில் வந்தது. ரத்தப் பரிசோதனை முடிவைத் தமிழில் அனுப்ப வேண்டும் என்பது மூன்றாவதில். அது இன்னும் ஆகவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதில் பெரிய செலவு எதுவும் இல்லை. பச்சைத் துணி, கிழிந்த மூலை, கழற்றிய பலகை. மருந்து எங்கே தவறுகிறது என்பது சமையலறை அலமாரிக்கும் வயல் வரப்புக்கும் மரத்துப்போன பாதத்துக்கும்தான் தெரியும். டாக்டரின் படிப்பு அதுவரை போய் எட்டாது. போக வேண்டியதும் இல்லை. நாம் அங்கிருந்துதான் வருகிறோம். கொண்டுவந்து சொன்னால் போதும். சொல்கிறவனை உட்காரவைக்க ஒரு ஆள் வேண்டும்.

போன மாத ஞாயிற்றில் சோழவந்தான் பக்கத்திலிருந்து ஒரு கிழவி புதிதாக வந்திருந்தாள். கடைசிவரை பேசவில்லை. வெற்றிலையை மடித்தபடி எல்லோர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது இடுப்பிலிருந்து இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்தாள். இரண்டும் வெள்ளி நிறத் தகடு, இரண்டிலும் இங்கிலீஷ்.

"ராத்திரி போடுறது எதுன்னு இருட்டுல தெரிய மாட்டேங்குது தாயி. கரண்டு போனா அம்புட்டுத்தான்."

என் உடம்பு ஒரு நிமிஷம் சிலிர்த்துவிட்டது. டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அட்டையின் மூலையைக் கிழிக்க முடியாது, கிழித்தால் மாத்திரைக்குக் காற்றுப் படும். இழுப்பறையைத் துழாவி ஒரு ரப்பர் பேண்டை எடுத்து, ராத்திரி அட்டையின் நடுவில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கிழவி கையில் கொடுத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

டாக்டரம்மாவின் செல்போன் அடித்தது. அதை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, முக்காலியைக் கிழவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வேற, ஆத்தா?"

"இருக்கு தாயி" என்றபடி கிழவியும் மறுபடி உட்கார்ந்தாள்.